பிள்ளைகளை ஆபத்துக்கு உள்ளாக்கும் குற்றங்கள்: அசல் சட்டத்தை இலவசமாகப் படிக்க ஒரு தளம், அதன் நிறைகுறைகள்

சிங்கப்பூரில் ஒரு பிள்ளையை ஆபத்துக்கு உள்ளாக்குவது எந்தச் சட்டப்படி குற்றம், என்ன தண்டனை என்று தமிழில் தேடிப் பாருங்கள். வந்து விழுவதில் பெரும்பகுதி இந்தியச் சட்டம்: போக்சோ, இந்திய தண்டனைச் சட்டம், தமிழ்நாட்டு வழக்கறிஞர்களின் காணொளிகள். அங்கே அவை சரி. உட்லண்ட்சிலோ பொங்கோலிலோ பிள்ளை வளர்ப்பவருக்கு அவற்றால் பயனில்லை, சில சமயம் கெடுதலும்கூட. இங்குள்ள சட்டத்தின் வாசகத்தை முழுதாகவும் இன்றைய நிலையிலும் தருவது ‘சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன்’ என்ற அரசாங்கத் தளம். தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்துகிறது. கட்டணம் கிடையாது, கணக்குத் திறக்க வேண்டியதும் இல்லை.

பெற்றோர், பிள்ளை பார்த்துக்கொள்பவர், துணைப்பாட ஆசிரியர், கோயில் வகுப்புத் தொண்டூழியர் என்று சட்டம் படிக்காத ஒருவர் இந்தத் தளத்தைப் பயன்படுத்தினால் சரியான பதில் கிடைக்குமா? அந்தக் கோணத்தில்தான் இந்த மதிப்புரை. பதில் கிடைக்கும், ஆனால் தளம் தானாக வழிகாட்டாது. எங்கே தட்டுவது, எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நுழைந்தால் தவறான முடிவோடு வெளியே வர நிறைய வாய்ப்பு உண்டு. பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அது சின்னக் குறை அல்ல.

முதலில் எதைத் திறப்பது? முகப்பிலுள்ள தேடல் பெட்டியில் ‘சில்ட்ரன் அண்ட் யங் பர்சன்ஸ் ஆக்ட் 1993’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். நம்மூர்ச் செய்திகளில் சிறுவர், இளையர் சட்டம் என்று வருவது இதுதான். அதே பெயரில் திருத்தச் சட்டங்களும் இருப்பதால் பட்டியலில் பல வரிகள் வரலாம். நடைமுறையிலுள்ள மூலச் சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். திறந்ததும் பிள்ளைக் கொடுமையைப் பற்றிய பிரிவு 5-க்கு ஓடிவிடாமல், சட்டத்தின் பெயருக்கு அருகில் எந்தத் தேதி நிலவரப்படி நடைமுறையில் உள்ள வாசகம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். தேடுபொறி வழியாகவோ யாரோ அனுப்பிய சுட்டி வழியாகவோ வந்திருந்தால் பழைய பதிப்பில் நின்றுகொண்டிருக்கலாம்.

பழைய பதிப்பைப் படிப்பதால் என்ன கெட்டுப்போகும்? பிரிவு 5-இன்படி, பிள்ளைக் கொடுமைக்கு முன்பு அதிகபட்சம் 4,000 வெள்ளி அபராதம் அல்லது நான்காண்டுச் சிறை அல்லது இரண்டும். மரணம் விளைந்திருந்தால் 20,000 வெள்ளி, ஏழாண்டு. 2019-இல் நிறைவேறிய திருத்தம் 2020 ஜூலை 1 முதல் அதை இரட்டிப்பாக்கியது. இப்போது 8,000 வெள்ளி, எட்டாண்டு. மரணம் என்றால் 40,000 வெள்ளி, பதினான்காண்டு. பாதுகாப்புக்கு உரிய வயது வரம்பும் அதே திருத்தத்தில் 16-இலிருந்து 18-க்கு உயர்ந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பழைய எண்களை வைத்து யாரோ செய்த படம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால், அதை நம்பும் ஒருவர் பதினேழு வயதுப் பெண்பிள்ளைக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்று நினைத்துவிடுவார்.

தளத்தின் ஆகச் சிறந்த வசதியும் இங்கேதான் கைகொடுக்கிறது. காலவரிசைப் பட்டையில் ஒரு தேதியைத் தட்டினால் அந்த நாளில் சட்டம் எப்படி இருந்ததோ அப்படியே விரியும். இது ஆய்வாளர்களுக்கு மட்டும் உரிய வசதி என்று நினைக்க வேண்டாம். 2018-இல் நடந்த கொடுமை இன்று வெளியே வந்தால், அன்றைக்கு இருந்த தண்டனை வரம்புதான் பேச்சு. குற்றம் நடந்த காலத்தில் இருந்ததைவிடக் கூடுதலான தண்டனையை யாருக்கும் விதிக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது விதி சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் பெரியவராகி, பல ஆண்டு கழித்துப் பேசத் துணியும் வழக்குகளில் அவருக்குத் துணை நிற்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்தது. நீளமான சட்டங்களைத் திறந்தால் முழுப் பக்கமும் ஒரே தடவையில் இறங்குவதில்லை. கீழே உருட்ட உருட்டத்தான் பகுதி பகுதியாக வரும். உலாவியின் தேடு வசதியைக் கொண்டு ஒரு சொல்லைத் தேடி, ‘இல்லை’ என்று வந்தால் அந்தச் சொல் சட்டத்தில் இல்லை என்று பொருளல்ல. அந்தப் பகுதி இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான். தண்டனைச் சட்டம் போன்ற பெரிய சட்டத்தில் இது நிச்சயம் ஏமாற்றும். முழு ஆவணத்தையும் ஒரே பக்கமாகக் காட்டும் பொத்தானைத் தட்டிவிட்டுத் தேடுங்கள், அல்லது பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படிப்பதைவிடக் கணினியில் படிப்பது நல்லது. உட்பிரிவு, அதற்குள் எழுத்து, அதற்குள் ரோம எண் என்று படிபடியாக இறங்கும் வாசகத்தில், எந்த வரி எதற்குக் கீழ் வருகிறது என்பது சிறிய திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும். அது தப்பினால் பொருளே மாறும்.

இப்போது பிரிவு 5. இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைத்தான் நிதானமாகப் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரே அமர்வில் முடித்துவிடலாம், அவ்வளவு சிறியது.

யாரைக் குறித்துப் பேசுகிறது என்பதை முதல் உட்பிரிவே சொல்லிவிடுகிறது. பிள்ளையையோ இளையரையோ தன் காவலில், பொறுப்பில் அல்லது பராமரிப்பில் வைத்திருக்கும் எவரும். பெற்றோர் என்று சுருக்கவில்லை. தாத்தா பாட்டி, மாற்றாந்தந்தை, இல்லப் பணிப்பெண், காசு வாங்கிக்கொண்டு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பக்கத்து புளோக்கு அக்கா, அந்த நேரத்தில் பிள்ளை அவர்கள் பொறுப்பில் இருந்தால் எல்லாருக்கும் பொருந்தும். தானே கொடுமை செய்வது மட்டுமல்ல, செய்ய வைப்பதும், இன்னொருவர் செய்வதைத் தெரிந்தே அனுமதிப்பதும் அதே பிரிவில் அதே குற்றம். ‘நான் கை வைக்கவில்லை, அவர்தான் அடித்தார், நான் சமையலறையில் இருந்தேன்’ என்பது எப்போதும் தப்பிக்கும் வழி ஆகாது.

கொடுமை என்றால் என்ன என்பதை இரண்டாம் உட்பிரிவு மூன்று கிளைகளாகப் பிரிக்கிறது. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்துவது ஒன்று. பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும், அல்லது விளைவிக்கக்கூடிய, ஒரு செயலை வேண்டுமென்றோ நியாயமின்றியோ செய்வது, அல்லது பிள்ளையையே செய்ய வைப்பது இரண்டாவது. தேவையற்ற வலி, மனரீதியான பாதிப்பு, உடல்நலத்துக்கோ வளர்ச்சிக்கோ கேடு, இவையும் இந்தக் கிளையில்தான் வருகின்றன. புறக்கணிப்பது, கைவிடுவது, ஆபத்தான சூழலில் விட்டுச் செல்வது மூன்றாவது. அதை ஒட்டியே மூன்றாம் உட்பிரிவு: போதிய உணவு, உடை, மருத்துவம், தங்குமிடம், கவனிப்பு ஆகியவற்றைப் பெற்றோரோ பாதுகாவலரோ வேண்டுமென்றோ நியாயமின்றியோ தராமல் விட்டால், புறக்கணித்ததாகவே கருதப்படுவர். மருத்துவர் சிகிச்சை வேண்டும் என்று சொல்லியும் வேண்டுமென்றே மறுத்துவிட்டு வேறு ‘வைத்தியம்’ பார்க்கும் வீடுகள் இந்த வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பலரும் கவனிக்காமல் கடந்து போவது நான்காம் உட்பிரிவு. ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் மூன்று வயதுப் பிள்ளையைக் காருக்குள் விட்டுப் பூட்டிவிட்டு, தேக்கா சந்தைக்குள் மீன் வாங்கப் போகிறார். கார் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் மதிய வெயிலில் நிற்கிறது. இயந்திரம் ஓடவில்லை, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. வழியில் போகிறவர் பிள்ளை அழுவதைப் பார்த்து ஆள் கூட்டி, காவல்துறையை அழைத்து, பிள்ளையை வெளியே எடுத்துவிடுகிறார். பிள்ளை வியர்த்துப்போயிருக்கிறது, ஆனால் நலம். திரும்பி வந்தவர், ‘ஒன்றும் ஆகவில்லையே, ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்’ என்று கேட்கிறார். மற்றொருவர் குறுக்கிட்டதால் பாதிப்பு தவிர்க்கப்பட்டது என்பது குற்றத்தீர்ப்புக்குத் தடையல்ல என்று அந்த உட்பிரிவு சொல்கிறது. அவர் நடந்துகொண்டது வேண்டுமென்றா அல்லது நியாயமின்றியா என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும், அது வேறு கேள்வி. ஆனால் ‘காயமில்லை, அதனால் வழக்கில்லை’ என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. இரண்டே வரி. ஒவ்வொரு துணைப்பாட நிலையத்திலும் ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய வரி.

இதோடு ஒட்டி வரும் கேள்வி ஒன்று: பிள்ளையை எத்தனை வயதிலிருந்து வீட்டில் தனியாக விடலாம்? பிரிவு 5-இல் இதற்கென்று ஓர் எண் கிடையாது. ‘பன்னிரண்டு’ என்று உறுதியாகச் சொல்பவர்கள் வேறு எங்கோ பார்த்ததைச் சொல்கிறார்கள். சூழ்நிலை ஆபத்து விளைவிக்கக்கூடியதா என்பதுதான் அளவுகோல். பத்து வயதுப் பிள்ளை அரை மணி நேரம் வீட்டுப்பாடம் செய்வது ஒன்று. அதே பிள்ளையிடம் கைக்குழந்தையை ஒப்படைத்துவிட்டு, கம்பிவலை இல்லாத பதினைந்தாம் மாடிச் சன்னல் திறந்து கிடக்க, இரவுப் பணிக்குப் போவது முற்றிலும் வேறு.

வயது என்றதும் இன்னோர் எச்சரிக்கை. ஒவ்வொரு சட்டத்திலும் பிரிவு 2-இலோ அதை ஒட்டியோ வரையறைகள் இருக்கும். அதைப் படிக்காமல் மேலே போகக்கூடாது. சிறுவர், இளையர் சட்டத்தில் பிள்ளை என்றால் 14 வயதுக்குட்பட்டவர், இளையர் என்றால் 14 முதல் 18-க்குள். தண்டனைச் சட்டத்துக்குப் போனால் பிரிவுக்குப் பிரிவு வயது மாறும். பிள்ளையை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்வதைப் பற்றிய பிரிவு 317, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானது. ஏழாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். தொடர் கொடுமையால் மரணம் விளைவிப்பதைப் பற்றிய 304பி, 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு. ஒரு சட்டத்தின் வயதை இன்னொன்றில் பொருத்திப் பேசுவதுதான் நன்கு படித்தவர்கள்கூடச் செய்யும் தவறு.

304பி என்ற எண்ணைப் பார்த்ததும் தமிழ்நாட்டுச் செய்திகளை அதிகம் படிப்பவர்களுக்கு வரதட்சணை மரணம் நினைவுக்கு வரும். இந்திய தண்டனைச் சட்டத்தில் அந்த எண் அதற்குரியது. சிங்கப்பூரின் 1871-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் 1860-இன் இந்தியச் சட்டத்தை அடியொற்றிப் பிறந்ததால் பழைய எண்கள் பல ஒத்துப்போகும். 317 இரண்டிலும் பிள்ளையைக் கைவிடுவதுதான். பின்னாளில் சேர்த்த எழுத்தொட்டு எண்கள் ஒத்துப்போகாது. இந்தியாவே 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டுப் புதியதுக்கு மாறிவிட்டது. ஆகவே எண்ணை வைத்துத் தேடாதீர்கள். தலைப்பை வைத்துத் தேடுங்கள்.

தண்டனைச் சட்டத்தின் 304பி, 304சி இரண்டும் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளவை. அந்தப் பிரிவுகளின் அடியில் சதுர அடைப்புக்குள் 15/2019 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டம் அதைக் கொண்டுவந்தது என்று படிக்க வேண்டும். திருத்தம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரே பார்வையில் காட்டும் இந்தச் சின்னக் குறியீடு தளத்தின் அருமையான ஒழுங்கு. 304சி குறிப்பாக முக்கியமானது. ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர், பிள்ளைக்குக் கடும் காயம் நேரக்கூடிய ஆபத்து இருப்பதை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியும், தன்னால் நியாயமாக எடுக்கக்கூடிய நடவடிக்கையை எடுக்காமல் விட்டு, பிள்ளை இறந்துபோனால் அவரும் குற்றவாளி. இரண்டுக்குமே இருபதாண்டு வரை சிறை. அபராதமோ பிரம்படியோ சேரலாம். அடித்தது யார் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினால் எல்லாரும் தப்பிவிடும் ஓட்டையை இது அடைக்கிறது.

தண்டனைச் சட்டத்தின் 74பி தனித்து நிற்காது, மற்றக் குற்றங்களோடு ஒட்டிக்கொள்ளும் பிரிவு. அடித்துக் காயப்படுத்துவது போன்ற குற்றத்துக்கு ஆளானவர் 14 வயதுக்குட்பட்டவர் என்றால், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையைப் போல இரண்டு மடங்கு வரை நீதிமன்றம் விதிக்கலாம். தளத்தில் காயப்படுத்தும் குற்றத்தின் பிரிவை மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா தண்டனை’ என்று கொதிப்பவர்களும், ‘இவ்வளவுதானே’ என்று ஆறுதல் அடைபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அங்கிருந்து 74பி-க்குப் போகச் சொல்லி எந்தக் கையும் சுட்டாது.

பின்னணியையும் தளம் சொல்வதில்லை. நான்கு வயதுச் சிறுவன் இறந்த வழக்கில் (பப்ளிக் ப்ராசிக்யூட்டர் எதிர் பிடிபி) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தபோது, பிள்ளைகளைப் போல எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு எதிரான குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் பரிசீலிக்கலாம் என்று கூறியது. இரண்டே ஆண்டில் சட்டம் மாறியது. இந்தத் தொடர்பு தெரிய வேண்டும் என்றால் நீதிமன்றத் தீர்ப்புகளின் தளத்துக்கும் நாடாளுமன்ற விவாதப் பதிவுகளின் தளத்துக்கும் தனித்தனியே போக வேண்டும். இரண்டும் இலவசம், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாலம் போதாது. ‘நியாயமின்றி’ என்பதற்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கம் சட்ட வாசகத்துக்குள் இருக்காது, தீர்ப்புகளில்தான் இருக்கும்.

தண்டனைச் சட்டத்தின் பிரிவு 336 பொதுவானது, பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் செயல் முரட்டுத் துணிச்சலானது என்றால் ஆறு மாதம் அல்லது 2,500 வெள்ளி அல்லது இரண்டும். கவனக்குறைவு என்றால் மூன்று மாதம் அல்லது 1,500 வெள்ளி அல்லது இரண்டும். விளையாட்டுத் திடலை நோக்கி மேல்மாடியிலிருந்து கண்ணாடிப் போத்தலை எறிபவர் பிள்ளைகளின் பராமரிப்பாளர் அல்ல, அதனால் பிரிவு 5 அவரைத் தொடாது. 336 தொடும்.

அதே சட்டத்தின் பிரிவு 89-ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, பாதுகாவலரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ நல்லெண்ணத்தில் செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது அது. பெற்றோர் கண்டித்து ஓர் அடி அடிப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் முழுமையாகத் தடை செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவுக்குக் கீழேயே அதன் வரம்புகளும் வரிசையாக உள்ளன. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, ‘பெத்தவன் அடிக்கலாம்னு சட்டமே சொல்லுது’ என்று பேசுவது ஆபத்து. துணைப்பாட ஆசிரியரிடம் ‘ரெண்டு போட்டுப் படிக்க வையுங்க’ என்று பெற்றோர் சொன்னது அவருக்குக் கேடயம் ஆகிவிடும் என்று நம்பி யாரும் பிரம்பைத் தூக்க வேண்டாம். பாலர் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனைக்கு இடமே இல்லை. அரசாங்கப் பள்ளிகளில் மாணவியருக்குப் பிரம்படி கூடாது.

கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு விதிகளும் மூலச் சட்டங்களுக்குள் இல்லை. தளத்தின் ஆகப் பெரிய குழி இதுதான். அன்றாட வாழ்க்கையைத் தொடும் விதிகள் பல, சட்டத்தின் கீழ் இயற்றப்படும் துணை விதிகளில் கிடக்கின்றன. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை முழுக்கப் படித்தாலும் காரில் பிள்ளைக்கான இருக்கை விவரம் அங்கே வராது. அதன் துணை விதிகளில், இருக்கைவார் அணிவதைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிகளைத் திறக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவருக்குப் பொருத்தமான பிள்ளை இருக்கையோ உயர்த்தும் இருக்கையோ தேவை. டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகை காருக்குக் கிடையாது. தீபாவளி நாளில் ஏழு பேர் ஒரே காரில் ஏறி, கைக்குழந்தையைப் பாட்டி மடியில் வைத்துப் போகும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையைத் திடீர் நிறுத்தத்தில் எந்தக் கையும் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் சைக்கிளில் 10 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பின்னால் ஏற்றக்கூடாது என்பதும் துணை விதியில்தான். ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் துணை விதிகளுக்கான இணைப்பு இருக்கிறது, ஆனால் அது தானாகக் கண்ணில் படுவதில்லை. தேடும்போது சட்டங்கள், துணை விதிகள் இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

பழைய தீர்ப்பையோ கையேட்டையோ வைத்துத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு 2021 டிசம்பர் 31-இல் நடப்புக்கு வந்தபோது ‘அத்தியாயம் 38’ போன்ற பழைய அடையாளங்கள் போய், சட்டத்தின் பெயரோடு ஆண்டு வந்தது. சில சட்டங்களில் பிரிவு எண்களும் நகர்ந்துவிட்டன. சிறுவர், இளையர் சட்டமும் அவற்றில் ஒன்று. சட்டத்தின் இறுதியில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எதிரெதிரே போட்ட ஒப்பீட்டு அட்டவணை உண்டு. அதைப் பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

மொழிதான் பெரிய தடை. ஆங்கிலம் மட்டுமே. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், பிள்ளைப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியமான ஐந்தாறு பிரிவுகளுக்காவது எளிய தமிழ்ச் சுருக்கம் இருந்தால் எத்தனையோ பாட்டிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் உதவும். சட்டபூர்வ மூலமாக ஆங்கிலமே இருக்கட்டும், விளக்கக் குறிப்பாக மற்ற மொழிகள் வரலாமே. இப்போதைக்குப் பலர் வாசகத்தை நகலெடுத்து இயந்திர மொழிபெயர்ப்பில் போடுகிறார்கள். ஒரே வாக்கியம் பத்து வரி நீளும் சட்ட நடையில், நிபந்தனை எதைத் தழுவுகிறது என்பதை அது அடிக்கடி தொலைத்துவிடும். உட்பிரிவு உட்பிரிவாக உடைத்துப் போட்டு, ஆங்கிலம் தெரிந்த பிள்ளையையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது மேல். சட்ட ஆலோசனையே தேவை என்றால் சமூகச் சட்ட ஆலோசனை நிலையங்களில் இலவச முன்பதிவு கிடைக்கும்.

எப்போது இந்தத் தளத்தைத் திறக்கக்கூடாது? சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை அலறும்போது. அது பிரிவு 5-இல் வருமா, 336-இல் வருமா என்று முடிவு செய்வது அக்கம்பக்கத்தாரின் வேலை அல்ல. உடனடி ஆபத்து என்றால் 999. பேச முடியாத நிலை என்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி. சந்தேகம், தொடர் கவலை என்றால் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய வன்முறை, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு உதவி எண் 1800-777-0000. அழைக்கும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: புளோக்கு எண், மாடி, வீட்டு எண் (தெரியாவிட்டால் மின்தூக்கியிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது கதவு), பிள்ளையின் தோராய வயது, பள்ளிச் சீருடை, கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது, எந்தத் தேதி, எத்தனை மணி, வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா. கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துச் சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவரால் அவசரத்தை விரைவாக எடைபோட முடியும்.

தகவல் சொல்வதால் தனக்குச் சிக்கல் வருமோ என்ற அச்சம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. பிள்ளைக்குப் பாதுகாப்பு தேவை என்று சந்தேகிக்கக் காரணமுள்ள எவரும் தெரிவிக்கலாம் என்று சிறுவர், இளையர் சட்டமே சொல்கிறது. நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பும் அதிலேயே உண்டு. ஆனால் பிள்ளையின் முகம் தெரியும் காணொளியைக் குழுக்களில் பரப்பாதீர்கள். இளையர் நீதிமன்ற வழக்கில் தொடர்புடைய பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின்படி குற்றம். காணொளி இருந்தால் காவல்துறையிடம் கொடுங்கள், வேறு யாரிடமும் வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால்: வாசகத்தின் நம்பகத்துக்கும் காலவரிசை வசதிக்கும் ஐந்துக்கு ஐந்து. சட்டம் படிக்காதவர் தானாகக் கண்டுபிடிக்கும் எளிமைக்கு இரண்டரை. தமிழ் வாசகருக்கு ஒன்று, அதுவும் வீட்டில் ஆங்கிலம் படித்துக்காட்ட ஆள் இருந்தால். சமூக ஊழியர்கள், பள்ளி ஆலோசகர்கள், துணைப்பாட நிலைய நடத்துநர்கள், கோயில் வகுப்பு ஒருங்கிணைப்பாளர்கள் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய தளம். பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் பெற்றோர், சிறுவர், இளையர் சட்டத்தின் பிரிவு 2, 5 இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து அச்செடுக்கலாம். குறிப்பிட்ட பிரிவுகளை மட்டும் அச்சிடும் வசதி தளத்தில் உண்டு. அச்செடுக்கும் தாளின் மேல் நடைமுறைத் தேதி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது எந்தத் தாளைக் கிழித்துப் போடுவது என்று அதை வைத்துத்தான் தெரியும்.